மேஜைக்கு அடியில் இருந்த பேட்டரி

எண்பதுகளின் நடுவில், ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம், திருவெள்ளறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. கல்லூரியின் பெயர் வேண்டாம். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் வருவேன். எங்கள் பேராசிரியர் டில்லியிலிருந்து ஒரு ப்ராஜெக்ட் வாங்கியிருந்தார். அடிக்கடி கரண்ட் போகும் கிராமங்களுக்குப் புதுவகை பேட்டரி ஒன்று செய்வது.

சாதாரண பேட்டரியில் எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்கும். எங்களுடையதில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் இரும்பு உப்பு கரைத்த மஞ்சள் அமிலத் தண்ணீர், இன்னொன்றில் குரோமிய உப்பு கரைத்த பச்சைத் தண்ணீர். இரண்டையும் சின்ன பம்புகள் ஒரு செல்லுக்குள் தள்ளும். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் செய்துகொள்ளலாம், கரண்ட் போனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வெகுநேரம் வேண்டுமானால் தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். கேட்க எவ்வளவு சுலபம்!

சுலபமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். செல்லுக்கு நடுவில் இருக்கும் சவ்வு. மஞ்சளும் பச்சையும் கலந்துவிடாமல் அது தடுக்க வேண்டும். அதே சமயம், கரைசலில் இருக்கிற மிகச் சின்ன அயனிகளை மட்டும் குறுக்கே விடவும் வேண்டும். விடாவிட்டால் மின்சாரமே வராது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் சேர்த்து வைத்த மின்சாரம் தொட்டிக்குள்ளேயே வீணாகிவிடும். வெளிநாட்டில் நல்ல சவ்வு கிடைத்தது. அதை வரவழைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே நம் ஊரில் கிடைக்கும் பாலிமரை வைத்தே அந்தச் சவ்வைச் செய்ய வேண்டும். அதுதான் என் வேலை.

மலைக்கோட்டைக்குக் கீழே சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடித் தகடுகள் வாங்கி வருவேன். பாலிமரைக் கரைத்து அதன் மேல் ஊற்றி, சீராகப் பரப்பி, உலர்ந்ததும் உரித்தெடுத்து, அமிலத்தில் ஊறவைப்பேன். உலரும் நேரத்தில் தூசு விழக்கூடாது என்பதால் ஃபேனை நிறுத்திவிடுவேன். திருச்சி வெயிலில் ஃபேனை நிறுத்துகிறவளை மற்ற மாணவர்கள் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தடிமனாக ஊற்றினால் கசியாது, ஆனால் மின்சாரமும் சோர்ந்து போகும். மெல்லிசாக ஊற்றினால் மின்சாரம் நன்றாக வரும், கசிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு பிடிபட்டால், ஊறி உப்பிக்கொண்டு ஓரத்தில் கிழியும்.

அமிலம் தெறித்து என் புடவைகளெல்லாம் பொத்தல். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

“என்னடி இது, சல்லடையைச் சுத்திண்டு வந்து நிக்கறே? ஆத்துக்கு வரவா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

“பேட்டரி பண்றாள்னு சொல்லும்மா.”

“பேட்டரி கடையிலே விக்கறதேடி!”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரு தடவை பேராசிரியரோடு அந்தக் கிராமத்துக்குப் போய் வந்திருந்தேன். வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன அரசு துணைச் சுகாதார நிலையம். ஒரே அறை, பின்பக்கம் ஒரு தாழ்வாரம். அங்கே பிரசவம் பார்க்கும் சிஸ்டர் நாற்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைப் புடவை, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். ‘கரண்ட் போயிட்டா, மாமியார்க்காரி டார்ச் பிடிப்பா. குழந்தை தலை தெரியறப்போ பார்த்து அழ ஆரம்பிச்சிடுவா, வெளிச்சம் கூரைக்குப் போயிடும்’ என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பேராசிரியர் அவரிடம், “பொங்கலுக்குள்ள உங்க ரூம்ல எங்க லைட்டு எரியும் சிஸ்டர்” என்று வாக்குக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். நம்பித்தான் ஆட்டினேன்.

மார்கழி வந்தபோது எட்டு செல்களைச் சேர்த்துக் கட்டிய எங்கள் அடுக்கு ஒரு சைக்கிள் டைனமோ பல்பை எரியவைத்தது. பம்புகளுக்கே பாதி மின்சாரம் போய்விடும். மிச்சத்தில் அந்தச் சின்ன பல்பு மங்கலாக மூன்று மணி நேரம் எரியும், பிறகு சோர்ந்துவிடும். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். டில்லியிலிருந்து குழு வந்து பார்க்கப் போகிறது என்ற செய்தி வந்ததும், இருப்பதை இருக்கிறபடி காட்டலாம், இன்னும் ஒரு வருடம் கேட்கலாம் என்று சொன்னேன். பேராசிரியர், “பார்க்கலாம்மா” என்றார்.

நடுவில் வைகுண்ட ஏகாதசி. வீடு நிறைய உறவுக்காரர்கள். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு சமையற்கட்டில் கிடந்தேன். திரும்பிப் போனபோது லேபில் அடுக்கு இல்லை. கிராமத்துக்கு எடுத்துப்போய்விட்டார்களாம். எனக்கு இரண்டு வருடம் சீனியரான ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சிரித்த முகமாக வந்தார்.

“கங்கிராஜுலேஷன்ஸ்! நீங்க கடைசியா ஊத்தி வெச்சிட்டுப் போன மெம்பரேனைப் போட்டுப் பார்த்தோம். பிரமாதமா நிக்குது. டைனமோ பல்பை எடுத்துட்டுக் கார் பல்பே போட்டாச்சு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சவ்வு ஓரளவுக்கு நன்றாக வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். இவ்வளவு என்று நினைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்தாள் அம்மா. அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. என்னை ஏமாற்றியது போகட்டும், என் சந்தோஷத்தையும் அல்லவா பொய்யாக்கினார்கள்!

விழா நாள். சுகாதார நிலையத்தின் முன்னால் பந்தல், வாழைமரம், ஊர் முழுவதும் கூட்டம். டில்லிக் குழுவில் மூன்று பேர், உள்ளூர் பெரிய மனிதர்கள் சிலர். சிஸ்டர் ஆரத்தி எடுத்தார். அறைக்குள் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேஜை. அதன்மேல் எங்கள் அடுக்கு, இரண்டு பக்கமும் தொட்டிகள். கண்ணாடிக் குழாய்களில் மஞ்சளும் பச்சையும் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. பொழுது சாயும் நேரம். பேராசிரியர் சுவிட்சைப் போட்டார். மேலே மாட்டியிருந்த இரண்டு கார் பல்புகளும் பளீரென்று எரிந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். குழுத் தலைவர் கை தட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

எல்லோரும் பந்தலுக்குப் போண்டாவும் காபியும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. என் சவ்வைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் போல இருந்தது. அப்போது பச்சைத் தொட்டியின் ரப்பர் குழாய் கழன்று மேஜையில் ஒழுக ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினேன். ஓட்டம் நின்றுவிட்டால் இந்த பேட்டரியில் வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். குழாயை மாட்டினேன், துடைத்தேன், கை கழுவிவிட்டு வந்தேன். பம்பு ஓடாமலே பல்பு இரண்டும் அப்படியே பளீரென்று எரிந்துகொண்டிருந்தன.

பல்பிலிருந்து போன ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அது அடுக்குக்கு வரவில்லை. மேஜையின் பின்பக்கமாகக் கீழே இறங்கியது. துணியைத் தூக்கினேன். ஒரு லாரி பேட்டரி. கைப்பிடியில் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை.

சீனியர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“சத்தம் போடாதீங்க, ப்ளீஸ். நீங்க போனப்புறம் அந்த மெம்பரேன் கிழிஞ்சிடுச்சு. பழசையே திரும்பப் போட்டு வெச்சிருக்கோம். சார்தான் இப்படிப் பண்ணச் சொன்னார்.”

“கிழிஞ்சா கிழிஞ்சிடுச்சுன்னு சொல்றதுதானே? எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“உங்களுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டீங்கன்னு சார் சொன்னார்.”

நேரே பந்தலுக்குப் போனேன். பேராசிரியர் பக்கத்தில் குனிந்து, “சார், மேஜைக்கு அடியில என்ன சார் அது?” என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“இங்க பாரும்மா, உன் மினுக்கு மினுக்கு வெளிச்சத்தைக் காட்டினா இவங்க எழுந்து போயிடுவாங்க. ப்ராஜெக்டே இருக்காது. ப்ராஜெக்ட் இருந்தாத்தானே நீ மெம்பரேன் பண்ண முடியும்? உனக்காகவும்தான் செஞ்சேன்.”

எனக்காக! அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். விறுவிறுவென்று அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேராசிரியர் பின்னாலேயே வந்து நிற்பது தெரிந்தும் சொன்னேன். குழுக்காரர் காபியைக் கீழே வைக்காமலே கேட்டார். கேட்டுவிட்டு, “டெமான்ஸ்ட்ரேஷன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்மா. பிரின்சிபிள் சரிதானே? மெம்பரேன் ரொம்ப நல்லா இருக்குன்னுதான் எழுதப் போறோம். உங்களுக்கும் நல்லதுதானே” என்றார். திருடன் ஒளிந்து செய்வான் என்று நினைத்திருந்தேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

விருந்தாளிகளின் கார்கள் கிளம்பியதும் எங்கள் ஜீப்பில் முதலில் ஏறியது லாரி பேட்டரிதான். வாடகைக்கு எடுத்ததாம். பின்னாலேயே அடுக்கு, தொட்டிகள், பல்புகள். அறை இருண்டது. சிஸ்டர் வாசலில் நின்று, “ஏங்க, லைட்டை எங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜீப் கிளம்பிவிட்டது. மறுநாள் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது, கிராமத்துக்கு ஒளி கிடைத்துவிட்டதென்று.

இதைவிடக் கொடுமை இனிமேல்தான். பேராசிரியர் போட்ட கணக்கும் தப்பிப்போனது. சில வாரங்களில் டில்லியிலிருந்து தகவல் வந்தது. ப்ராஜெக்டின் நோக்கம் வெற்றிகரமாக நிறைவேறிவிட்டது, சவ்வுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆகவே இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று. முடிந்துபோன வேலைக்கு யார் மறுபடி உதவி செய்வார்கள்? பாதியில் நின்ற என் வேலையை முடிந்தது என்று சொல்லியே கொன்றுவிட்டார்கள். அடுக்கைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்தார்கள்.

மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறிச் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“வாங்க. இன்னிக்கு எதைத் தூக்கிட்டுப் போக வந்தீங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி பேட்டரியைச் சொன்னேன். சவ்வு கிழிந்ததைச் சொன்னேன். உண்மையில் எங்களால் முடிந்தது ஒரு சைக்கிள் பல்பு மூன்று மணி நேரம் மங்கலாக எரிவது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் கோபம் தணியும் என்று நினைத்தேன். இரண்டு மடங்காயிற்று.

“மூணு மணி நேரமா? ஏம்மா, அது போதுமே எனக்கு! ஆடாம அசையாம ஒரே இடத்துல ஒரு சின்ன வெளிச்சம் இருந்தாப் போதும், ரெண்டு கையும் ஃப்ரீயாயிடும். கல்யாண வீட்டு லைட்டா கேட்டேன்? எவ்வளவு வெளிச்சம் வேணும்னு எங்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பேராசிரியரும் கேட்கவில்லை, டில்லிக்காரர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவமானம் என்று அவர்கள் ஒளித்துவைத்த அந்த மினுக்கு மினுக்கு வெளிச்சம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

திரும்பி வந்து அடுக்கைக் கேட்டேன். “அது காலேஜ் சொத்து, வெளியில தர முடியாது” என்றார் பேராசிரியர். விழாவுக்கு மட்டும் ஜீப்பில் போக முடிந்த சொத்து! இதைச் சிஸ்டருக்குச் சொல்லியனுப்பினேன். அடுத்த வாரம் அவரே எங்கள் துறை வராந்தாவில் வந்து நின்றார். கூட இரண்டு பெண்கள், ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. வகுப்பு மாறும் நேரம், வராந்தா முழுக்க மாணவர்கள். பேராசிரியர் வெளியே வந்து, “யாரும்மா நீங்க?” என்றார்.

“தெரியலீங்களா சார்? உங்களுக்கு ஆரத்தி எடுத்தேனே.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“லைட்டு எரியுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல எரியலை. ஒருவேளை இங்க எரியுதோன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்று அந்த ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார் சிஸ்டர். மாணவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். பேராசிரியர் அந்தப் பெண்களை அவசர அவசரமாகத் தம் அறைக்குள் அழைத்துப்போய்க் காபி வரவழைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, “ஃபீல்ட் டிரையல் ஒண்ணு நடத்தலாம்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு ஐடியா இருந்தது. நீ இவங்களோட போய் செட் பண்ணும்மா” என்றார். அவருடைய ஐடியாவாம்!

போனேன். அமில ஆவி குழந்தைகளுக்கு ஆகாது என்பதால் தொட்டிகளைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்து, ஒயரை மட்டும் உள்ளே இழுத்தேன். கட்டிலின் கால்மாட்டில், சிஸ்டர் காட்டிய இடத்தில், டைனமோ பல்பை மாட்டினேன். எரிந்தது. மங்கலாகத்தான் எரிந்தது. சிஸ்டர் அதன் கீழே இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். யாரும் குலவையிடவில்லை, போட்டோ எடுக்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையத் தடவை காலை வாரியது. பம்பு ஓடாத நாட்களில் சவ்வு காய்ந்து வெடித்தது. லேபில் தெரியாமலிருந்த குறை அது. எப்போதும் நனைந்தே இருக்கும்படி செல்லை மாற்றினேன். உப்பிக் கிழிவதைத் தடுக்கப் பாலிமருக்கு உள்ளே நைலான் வலையை வைத்து ஊற்றிப் பார்த்தேன், அமிலம் நைலானைத் தின்றுவிட்டது. டெரிலின் துணியை வைத்தேன். அது நின்றது. ஒவ்வொரு தடவையும் புதுச் சவ்வை ஈரத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துத் துறையூர் பஸ்ஸில் கொண்டுபோனேன். மழைக்காலம் வருவதற்குள் அந்த பல்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ‘நேத்து உன் லைட்டுல பொம்பளைப் பிள்ளை’ என்று சிஸ்டர் ஒரு நாள் சொன்னபோது, அவர் குரலிலிருந்த கோபம் எனக்குத் தெரியாமலே எப்போதோ போயிருந்ததை உணர்ந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. பிறகு பம்புகள் பழுதாகி, மாற்று கிடைக்காமல் நின்றுபோனது. சிஸ்டருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

என் தீசிஸ் எழுதும் சமயத்தில் விழா நாள் ரீடிங்கைச் சேர்க்கச் சொன்னார் பேராசிரியர். லாரி பேட்டரியின் ரீடிங்கை! மாட்டேன் என்றேன். “அப்படின்னா வேற கைடைப் பார்த்துக்கோ” என்றார். பார்த்துக்கொண்டேன். பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. கல்யாணமும் தள்ளிப்போகிறதே என்று அம்மா புலம்பினாள், ஆனாலும் ஒரு நாள்கூட அந்த எண்ணைப் போட்டுவிடு என்று சொல்லவில்லை. என் தீசிஸில் கிழிந்த சவ்வுகள் எல்லாமே இருக்கின்றன, எது ஏன் கிழிந்தது என்பதோடு. பேராசிரியருக்குப் பாராட்டுகள் வந்தன. வெளிநாட்டுக் கருத்தரங்குக்கெல்லாம் போய் அந்த விழாவின் படத்தைக் காட்டினார். கடைசிவரை யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை, வராந்தாவில் நின்ற அந்த மூன்று பெண்களைத் தவிர.

பிறகு நானும் கல்லூரி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னிடம் படித்தவர்களில் யாராவது, ‘மேடம், சரியா வரலை’ என்று தயங்கி நின்றால், முதலில் அவர்களை உட்காரவைத்து, எவ்வளவு வந்தது என்று கேட்பேன். பாதி வந்திருந்தால் பாதி என்றே எழுதச் சொல்வேன். அந்தப் பாதி எங்கோ ஒருவருக்குப் போதுமானதாக இருக்கலாம். அதை முழுசு என்று சொல்லி, வேண்டியவர் கைக்குப் போகாமல் செய்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறிவிட வேண்டும் என்று நான் ஒரு நாளும் வேண்டிக்கொண்டதுமில்லை.